கூனும் சிமெண்டும்: ஒரு மருத்துவ ஆராய்ச்சித் திறனாய்வு

முதுமை வந்தால் கூன் விழும் என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். இலக்கியப் பயிற்சியும் அதற்குத் துணை நிற்கிறது. கோலூன்றித் தளர்ந்த முதுமையைப் பாடிய புறநானூற்றுப் புலவர் ஒருவருக்கு அக்கோலே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று நிலைத்துவிட்டது. இராமகாதையின் கூனியையோ ஆண்டுதோறும் வகுப்பறையில் சந்திக்கிறோம். அவள் முதுகின் கோணலை மனத்தின் கோணலோடு சேர்த்து உரை சொல்லுகிறோம். ஆயின், முதியோருக்குக் கூன் ஏன் விழுகிறது என்று எந்த ஆசிரியரும் மாணவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. நரை எப்படியோ, கூன் அப்படி என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடத் தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் பொருள். முதுமையில் விழும் கூனிற் பெரும்பகுதி, முதுகெலும்பின் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்குவதால் விளைவது. அஃது ஒரு நோய். பெயருண்டு, காரணம் உண்டு, மருந்தும் உண்டு. அந்த நோய்க்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரு சிகிச்சையைப் பற்றி மருத்துவ அறிஞர்களுக்குள் நடந்துவரும் வாதம், தமிழாசிரியர்களும் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று. 'சார், பாட்டிக்கு முதுகில் சிமெண்டு ஊசி போடலாம் என்கிறார்களே, போடலாமா?' என்று மருத்துவமனைத் தாளோடு பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் பெற்றோரை நான் கண்டதுண்டு. தலைமையாசிரியன் வைத்தியன் அல்லன். ஆனால் ஒரு வாதத்தைப் படித்து, அதில் எது சான்று, எது வெறும் சொல் என்று பிரித்துக் காட்டுவது ஆசிரியன் தொழிலுக்குப் புறம்பானதன்று.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். நம் செய்தித்தாள்களிலும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளிலும் இந்நோய் 'எலும்புத் தேய்மானம்' என்றே பெரும்பாலும் வழங்குகிறது. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வதையும் அதே சொல்லாற் குறிக்கிறோம். இரண்டும் வெவ்வேறு நோய்கள். மூட்டுத் தேய்மானம் நடக்கும்போதெல்லாம் வலித்துத் தன்னைத் தானே அறிவிக்கும். மற்றதோ எலும்பு முறியும் நாள்வரை ஓசைப்படாது. தேய்தல் என்றால் மேற்புறம் உராய்ந்து குறைதல். இங்கு நடப்பது அதுவன்று. எலும்பின் உள்ளே கண்ணறை கண்ணறையாக அமைந்த வலைப்பின்னல் மெலிந்து, இழைகள் அற்று, உள்ளே பொள்ளலாகிறது. இதற்குப் 'புரை' என்ற பழஞ்சொல் கைவசம் இருக்கிறது. கண்புரை என்கிறோம், புண் புரையோடியது என்கிறோம். எலும்புப்புரை என்ற சொல் அகராதியில் மட்டும் உறங்காமல் மருந்துச் சீட்டுக்கு வந்தால் நல்லது. இவ்வூரின் பெயர் 1972-இல் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து போர்ட் கிள்ளான் என்று மாறியபோது எந்தக் கப்பலும் துறை தவறவில்லை. நோயின் பெயர் தவறினாலோ நோயாளி வழி தவறுகிறார். 'தேய்மானம்' என்று கேட்டுவிட்டு மூட்டு வலித் தைலம் வாங்கிப் போகிறார்.

'முறிவு' என்ற சொல்லும் முழுதும் பொருந்துவதில்லை. கிளை முறிவதுபோல முதுகெலும்பு முறிவதில்லை. காலி பால் டின்னின் மேல் காலை வைத்தால் அஃது எப்படி நசுங்குமோ அப்படி நசுங்குகிறது. அதுவும் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும். முன்பக்கம் குறுகிய கட்டை ஆப்பு வடிவாகிறது. அத்தகைய ஆப்புகள் இரண்டு மூன்று சேர்ந்தால் முதுகு முன்னே வளைகிறது; உயரம் குறைகிறது; விலா எலும்பு இடுப்பை நெருங்குகிறது; வயிறு நெருக்கப்பட்டுச் சோறு இறங்குவதில்லை. இதற்குப் பெரிய விபத்து வேண்டியதில்லை. வாளியைக் குனிந்து தூக்குவது போதும். பேருந்து குலுங்குவது போதும். ஓர் இருமலே போதும். இப்படி நசுங்குவனவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மருத்துவர் கண்ணுக்கு வருகிறது. எஞ்சியவை 'முதுகு பிடித்துக்கொண்டது' என்ற கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன.

இங்கு நம்மவர் சொல்லும் இன்னொரு காரணத்தையும் மறுத்துவிட வேண்டும். தோளில் கம்பு போட்டு இரு வாளிப் பால் சுமந்ததால்தான் தோட்டத்துப் பாட்டிமாருக்குக் கூன் விழுந்தது என்பர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கும் அதையே சொல்வர். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எலும்பின் இயல்பு வேறு. அளவான சுமையும் உழைப்பும் எலும்பை வலுப்படுத்துவனவே. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதும், சுண்ணச்சத்தும் வைட்டமின் டி-யும் போதாமையும், உடல் மெலிவும், குடிவழியும் இந்நோய்க்கு முதற்காரணங்கள். பாரம் குற்றவாளியன்று, புரையோடிய எலும்பை நசுக்கும் கடைசிக் கைதான் அது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். 1984-இல் பிரான்சு நாட்டு அமியேன் நகரில் கலிபேர், டெரமான் என்னும் மருத்துவர்கள், கழுத்தெலும்பில் இரத்தக்குழாய்க் கட்டி கண்ட ஒரு பெண்மணிக்கு, ஊசி வழியாக அந்த எலும்புக்குள் சிமெண்டைச் செலுத்தினர். வலி தணிந்தது. 1987-இல் அதை எழுதி வெளியிட்டனர். இச்சிமெண்டு வீடு கட்டும் சிமெண்டு அன்று. பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு வேதிக்குழம்பு. சில நிமிடத்தில் இறுகிவிடும். இடுப்பு மூட்டு மாற்றுவோர் முன்பே இதனைக் கையாண்டு வந்தனர். கட்டிக்குச் செய்ததைப் புரைக்கும் செய்யலாமே என்ற எண்ணம் விரைவில் பரவியது. பின்னர், நசுங்கிய கட்டைக்குள் சிறு பலூனை ஊதி இடம் உண்டாக்கி, அவ்விடத்திற் சிமெண்டை நிரப்பும் முறையும் வந்தது.

இருபது ஆண்டுக்கு மேலாக இச்சிகிச்சை உலகெங்கும் நடந்தது. செய்த மருத்துவர்கள் மகிழ்ந்தனர். நோயாளிகளும் வலி குறைந்தது என்றனர். படுத்து வந்தவர் நடந்து போனார் என்ற செய்திக்கு முன் யார்தான் ஐயுறுவர்? ஆயினும் 2009 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆராய்ச்சிகளை அச்சிட்டு, அம்மகிழ்ச்சியைக் கேள்விக்கு உள்ளாக்கியது.

ஒன்று அமெரிக்க மருத்துவர் டேவிட் கால்மெஸ் தலைமையில் 131 பேரிடம் நடந்தது. மற்றது ஆஸ்திரேலியாவில் ராசெல் புக்பைண்டர் தலைமையில் 78 பேரிடம் நடந்தது. இரண்டிலும் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றுக்கு உண்மைச் சிகிச்சை. மற்றதற்குச் சிகிச்சை போன்ற தோற்றம். தோற்றம் என்றால் அரைகுறைத் தோற்றமன்று. முதுகில் மரப்பு மருந்து போட்டனர். முதுகை அழுத்தினர், தட்டினர். சிமெண்டின் நெடி அறையெங்கும் பரவும்படி அதன் புட்டியைத் திறந்தும் வைத்தனர். சிமெண்டு மட்டும் உட்செல்லவில்லை. தாம் எக்கூற்றினர் என்பது நோயாளிக்குத் தெரியாது.

விளைவு என்ன? கால்மெஸின் ஆராய்ச்சியில் ஒரு மாதம் கழித்து, பத்துக்குள் மதிப்பிட்ட வலி, சிமெண்டு பெற்றோருக்குச் சராசரி 3.9, பெறாதவருக்கு 4.6. புக்பைண்டரின் ஆராய்ச்சியில் மூன்று மாதத்தில் வலி குறைந்த அளவு முறையே 2.6, 1.9. இவ்வேறுபாடுகள் தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினவே. சிமெண்டு பெற்றோர் தேறினர். பெறாதோரும் ஏறக்குறைய அவ்வளவே தேறினர். திறனாய்வாளன் நின்று நோக்க வேண்டிய இடம் இது.

பெறாதோர் ஏன் தேறினர்? ஆசிரியர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஒரு சோதனையில் வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்து மாணவரைத் தனியே நிறுத்தி, தலைக்கு ஒரு குட்டு வையுங்கள். அடுத்த சோதனையில் அவர்களிற் பெரும்பாலோர் சற்றேனும் உயர்ந்திருப்பர். குட்டின் சிறப்பு என்று நாம் நினைப்போம். உண்மையில் அவர்கள் விழுந்த நாள் அவர்களுடைய மிகக் கெட்ட நாள்; அதிலிருந்து ஏறுவதே இயல்பு. நோயாளியும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறார். நசுங்கிய எலும்பின் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களிற் பலருக்குத் தானே தணியும். அதனோடு மருத்துவர் கைபட்ட நம்பிக்கையும் சேர்கிறது. இம்மூன்றையும் கழித்த பின் எஞ்சுவதே சிமெண்டின் பங்கு. கழிக்காமல் 'நூற்றுக்கு இத்தனை பேர் தேறினர்' என்று கூறுவது, கூட்டல் மட்டும் தெரிந்தவனின் கணக்கு.

எதிர்த்தரப்பாரும் வாளாவிருக்கவில்லை. அவர்கள் கூறிய குறைகளுள் சில உண்மையில் வலுவுடையவை. கால்மெஸ் குழுவினர் 1,800-க்கும் மேற்பட்டவரைப் பார்த்த பிறகே 131 பேரைச் சேர்த்தனர். வலி மிக்கவர் போலிச் சிகிச்சைக்கு உடன்படாமல் ஒதுங்கியிருக்கலாம் அன்றோ? ஓராண்டு வரை பழகிய நசுங்கலும் அவ்விரு ஆராய்ச்சிகளில் இடம் பெற்றது. இறுகிப்போன எலும்பில் சிமெண்டு என்ன செய்யும் என்று கேட்டனர். நியாயமான கேள்வி.

இதற்கு விடையாக 2010-இல் நெதர்லாந்து நாட்டு கிளாசன் குழுவினரின் ஆராய்ச்சி லான்செட் இதழில் வந்தது. நசுங்கி ஆறு வாரம் கடவாத 202 பேர். சிமெண்டு பெற்றோருக்கு ஒரு மாதத்தில் வலி 5.2 புள்ளி குறைந்தது. மருந்து மட்டும் பெற்றோருக்கு 2.7. பெரிய வேறுபாடுதான். ஆனால் இதில் போலிச் சிகிச்சை இல்லை. தமக்குச் சிமெண்டு கிடைத்தது, கிடைக்கவில்லை என்பது எல்லார்க்கும் தெரியும். ஆசை காட்டி மறுக்கப்பட்டவரிடம் 'வலி எப்படி?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இவ்வறிக்கையில் எனக்கு மிக வியப்பளித்தது முடிவன்று. முகப்பில் உள்ள ஒரு குறிப்பு. தகுதியுடையவராகக் கண்ட 431 பேரில் 229 பேர், ஆராய்ச்சியில் சேர்வதற்குள்ளாகவே வலி தானே குறைந்து விலகிப் போயினர். பாதிக்கு மேல்! சிமெண்டை ஆதரிக்க எழுந்த நூலே பொறுத்திருத்தலின் பெருமைக்குச் சான்று கூறுகிறது. அதே ஆராய்ச்சியில், சிமெண்டு செலுத்திய கட்டைகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றிற் சிறிதளவு வெளியே கசிந்தது என்றும் நுண்படத்திற் கண்டனர். தீங்கு நேரவில்லை என்றாலும், நேரக்கூடிய இடம் தண்டுவடத்தின் பக்கமும் நுரையீரலுக்குப் போகும் குருதிக்குழாயும் என்பதை மறத்தலாகாது.

2016-இல் ஆஸ்திரேலியாவில் வில்லியம் கிளார்க் குழுவினர், ஆறு வாரத்திற்குட்பட்ட, வலி ஏழுக்குக் குறையாத 120 பேரிடம், போலிச் சிகிச்சையையும் வைத்து ஆராய்ந்தனர். பதினான்காம் நாளில் வலி நான்கிற்குக் கீழ் இறங்கியோர் சிமெண்டுத் தரப்பில் நூற்றுக்கு 44, மறுதரப்பில் 21. சிமெண்டின் பக்கம் இதுவே தலைசிறந்த சான்று. உடனே மறுப்பும் வந்தது. 2018-இல் நெதர்லாந்தில் 180 பேரைச் சேர்த்து, ஒன்பது வாரத்திற்குட்பட்ட நசுங்கலில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, ஓராண்டு முழுதும் வலியில் வேறுபாடு இல்லை என்றே கண்டனர். அதே 2018-இல் காக்ரேன் அமைப்பினர் 21 ஆராய்ச்சிகளைத் திரட்டி, சிமெண்டால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்று எழுதினர்.

இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிவதை நூலுக்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூலார் வைத்தார். துணிவதற்கு முன், மாறுபாடு எங்கே பிறந்தது என்று காண வேண்டும். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டபோது மூலம் ஒன்றே. ஈண்டோ மூலமே வேறு வேறு. கிளார்க் குழுவினரின் நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் படுத்திருந்தோர். 2018 நெதர்லாந்து ஆராய்ச்சியினர் வெளிநோயாளிகள். கிளார்க் தம் போலிச் சிகிச்சையில் மரப்பு மருந்தைத் தோலடியில் மட்டும் போட்டார். கால்மெஸும் நெதர்லாந்தினரும் எலும்பின் மேலுறை வரைக்கும் போட்டனர். எலும்புவரை போன மரப்பு மருந்தே ஒரு சிகிச்சை ஆகாதா என்பது சிமெண்டுத் தரப்பாரின் கேள்வி. ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியாயின் மரப்பு மருந்தே போதுமே, சிமெண்டு எதற்கு? இக்கேள்விக்கு அவர்கள் நேர்விடை தந்ததாக எனக்குப் புலப்படவில்லை.

ஆதலின் என் துணிபு இது. எல்லார்க்கும் சிமெண்டு என்பது நிலைநாட்டப்படவில்லை. பழைய நசுங்கலை எக்ஸ்ரேயிற் கண்டவுடன் சிமெண்டு என்பது அறவே பொருந்தாது. புதிதாக நசுங்கி, மாத்திரைக்கும் அடங்காத கொடுவலியால் படுக்கையில் கிடக்கும் சிலருக்கு, கசிவு முதலிய இடர்களை எடுத்துச் சொல்லி மருத்துவர் ஆராயலாம் என்பதற்குக் கிளார்க்கின் சான்று இடம் தருகிறது. அதற்கு மேல் தருவதில்லை. 'உடனே செய்யாவிட்டால் நடக்கவே முடியாது' என்று எவரேனும் அச்சுறுத்தினால், அச்சொல்லுக்கு இந்த ஆராய்ச்சிகளில் ஆதாரம் இல்லை.

இவ்வளவு வாதத்திலும் இரு தரப்பாரும் ஓரமாக ஒதுக்கிவிட்டது ஒன்று உண்டு. அடுத்த கட்டை நசுங்காமல் காப்பது எப்படி? 2001-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, முதுகெலும்பு ஒன்று நசுங்கிய பெண்களுள் ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குகிறது. சிமெண்டு நசுங்கிய கட்டையை மட்டும் பார்க்கிறது. நோயோ எல்லாக் கட்டையிலும் இருக்கிறது. கூரையில் ஓர் ஓட்டை அடைத்துவிட்டு உளுத்த விட்டத்தை அப்படியே விடுவது போல.

இத்துறையில் சான்று மிகத் தெளிவானது. முன்பே முதுகெலும்பு நசுங்கிய 2,027 அமெரிக்கப் பெண்களிடம் அலெண்ட்ரோனேட் என்னும் மாத்திரையை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டனர். மூன்றாண்டில் புதிய நசுங்கல் எக்ஸ்ரேயிற் கண்டது மாத்திரை பெறாதவருள் நூற்றுக்கு 15, பெற்றவருள் 8. எக்ஸ்ரேயில் தெரிவது வேறு, நோயாளி உணர்வது வேறு என்று குறை கூறுவார்க்கும் அதே நூலில் விடை உண்டு. வலியோ பிற அறிகுறியோ கண்டு மருத்துவரிடம் வந்த நசுங்கல் 5.0-இலிருந்து 2.3 ஆகக் குறைந்தது. 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழி ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம் 10.9-ஐ 3.3 ஆக்கியது. புதிய எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு ஊசி, 2001-இல் 14-ஐ 5 ஆக்கிக் காட்டியது. நெடுநாள் உட்கொண்டால் தாடை எலும்பிலும் தொடை எலும்பிலும் அரிதாகக் கேடு வருவதுண்டு. ஆகையால் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். எனினும் சிமெண்டைப் பற்றிக் கேட்டு வரும் பத்துப் பேரில் இம்மருந்துகளைக் கேட்டு வருபவர் ஒருவர்கூட இல்லை. மாத்திரை காட்சிக்கு எளியது. ஊசியும் நெடியும் அறுவைக்கூடமும் காட்சிக்குப் பெரியன. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மலேசியாவைப் பொறுத்தவரை நம்மிடம் உள்ள பழைய கணக்கு இடுப்பெலும்பைப் பற்றியது. 1997-ஆம் ஆண்டில் ஐம்பது வயதைக் கடந்த ஓர் இலட்சம் பேரில் 90 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்பது அது. இடுப்பு முறிந்தவர் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். ஆகவே கணக்கில் ஏறுகிறார். முதுகு நசுங்கியவரோ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யார் எண்ணுவது? தமிழ்நாட்டு வேலூரில் 150 பெண்களை, மாதவிலக்கு நின்றபின் நடமாட்டத்தோடு இருப்பவர்களை, அளந்து 2008-இல் வெளியிட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. நம் பாட்டிமாரின் குடிவழியும் உணவும் அவர்களுக்கு மிக அண்மை என்பதை நினைக்க வேண்டும்.

இந்நாட்டுக்கே உரிய இன்னொரு கேடும் உண்டு. மூட்டு வலிக்கு என்று பதிவு பெறாமல் விற்கப்படும் சில நாட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. இரண்டு வேளை உண்டால் வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் உண்டால் எலும்பு புரையோடும், பின் முதுகு நசுங்கும். அந்த வலிக்கும் அதே பொட்டலத்தையே வாங்குவர். 'தேய்மானம்' என்னும் ஒரே சொல் செய்யும் கேட்டை இங்கே கண்கூடாகக் காணலாம்.

பாட்டிமாருள் யாரை முதலில் மருத்துவரிடம் அனுப்புவது என்பதற்கு, 2001-இல் எட்டு ஆசிய நாட்டுப் பெண்களைக் கொண்டு வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. மலேசிய மருத்துவ வழிகாட்டியும் அதனை ஏற்றுள்ளது. உடலின் எடையைக் கிலோவில் எழுதி, வயதைக் கழித்து, வந்ததை 0.2-ஆல் பெருக்க வேண்டும். நாற்பத்தைந்து கிலோ எடையும் எழுபது வயதும் உடையவருக்கு விடை கழித்தல் ஐந்து. கழித்தல் நான்கிற்குக் கீழே போனால் நோய் இருக்கும் வாய்ப்பு மிகுதி. முதற்படிவ மாணவன் போடக்கூடிய கணக்கு இது. அவ்வெட்டு நாடுகளுள் மலேசியா உண்டு, இந்தியா இல்லை. ஆகவே நம்மவருக்கு இதனை வாயிற்படியாகக் கொள்ளலாமே அன்றி, முடிவாகக் கொள்ளலாகாது. இளமையில் இருந்த உயரத்தினும் நான்கு சென்டிமீட்டர் குறைந்தவராயின், வலி இல்லாவிட்டாலும், முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும்படி மருத்துவரைக் கேட்கலாம்.

மாத்திரை எழுதித் தந்தால் அதை உண்ணும் முறையைத் தமிழில் எழுதி உறையின் மேல் ஒட்டிக் கொடுப்பது பேரப்பிள்ளைகளின் வேலை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அதுவரை தேநீரும் ஆகாது. கூன் மிகுந்து நிமிர்ந்து உட்கார இயலாதவராயின், அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். அவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் ஊசி உண்டு.